சமூகப்பணி – சமூகக் கொள்கை இணை முதுநிலைப் பட்டம்

சமூகப்பணி – சமூகக் கொள்கை இணை முதுநிலைப் பட்டம் என்பது இரண்டு துறைகளைச் சேர்த்துப் பயிலும் உயர்கல்வி ஏற்பாடாகும். இன்னலில் இருக்கும் தனிமனிதர், குடும்பம், ஊர் ஆகியோருடன் நேரில் பணிபுரியக் கற்றுத்தருவது சமூகப்பணி. அவர்களுக்கான சட்டங்களும் நலத்திட்டங்களும் எப்படி உருவாகின்றன, யாரைச் சென்றடைகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்று ஆராய்வது சமூகக் கொள்கை. அமெரிக்கா போன்ற நாடுகளில் சில பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் இரட்டைப் பட்டமாகவே வழங்குகின்றன. இந்தியாவில் இவை பெரும்பாலும் தனித்தனிப் படிப்புகளாக உள்ளன. ஆனாலும் மாணவர் தாமே திட்டமிட்டு இரண்டையும் இணைத்துக்கொள்ள வழி உண்டு.

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் போன்ற ஊர்களில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. இப்படிப்பு எதற்கு, அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, எங்கே கிடைக்கிறது, செலவுக்கு என்ன வழி, முடித்தபின் என்ன வேலை என்பனவற்றை வரிசையாகக் காண்போம்.

இரு துறைகள், இரு கேள்விகள்

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்கலாம். பூந்தோட்டம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்த ஒரு மூதாட்டி இருப்பதாகக் கொள்வோம். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். அவருக்கு வயது 63. ஆனால் ஆதார் பதிவின்போது பிறந்த ஆண்டைத் தோராயமாகச் சொன்னதால், அட்டையின்படி அவருக்கு 57 வயதுதான் ஆகிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கு அவர் கொடுத்த மனு தள்ளுபடி ஆகிறது.

சமூகப்பணி படித்தவர் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவார். வயதுக்கு வேறு சான்று உண்டா, அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெற முடியுமா, ஆதாரில் திருத்தம் செய்ய என்ன வேண்டும் என்று பார்ப்பார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்வார். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி, பிள்ளைகளுடன் பேச்சுவார்த்தை இருக்கிறதா, உடல்நிலை எப்படி என்றும் விசாரிப்பார். 'இந்த அம்மாளுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?' என்பது அவருடைய கேள்வி.

சமூகக் கொள்கை படித்தவர் வேறு இடத்தில் தொடங்குவார். இதே காரணத்துக்காக இந்த வட்டத்தில் எத்தனை மனுக்கள் தள்ளுபடியாயின? பிறப்புச் சான்று இல்லாத தலைமுறைக்கு வயதை எப்படித் தீர்மானிப்பது நியாயம்? பணம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. நடுவண் அரசு 1995இல் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நடுவண் திட்டத்தின் கீழ் வரும் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 200 ரூபாய் நடுவண் அரசின் பங்காகும். 2007 முதல் அந்தத் தொகை உயரவில்லை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து மாதம் 1,000 ரூபாயாக வழங்கி வந்ததை 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக்கியது. 200 ரூபாய் ஏன் அப்படியே நிற்கிறது, மாநிலத்தின் நிதிச்சுமை என்ன, விதியில் எந்த வரியை மாற்றினால் இத்தகைய மூதாட்டிகள் விடுபடமாட்டார்கள் என்பவை இவருடைய கேள்விகள்.

முதல் கேள்வியை மட்டும் கேட்டால் ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைக்கும். அடுத்த மாதம் இன்னொருவர் அதே காரணத்துக்காக வந்து நிற்பார். இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டால் நல்ல அறிக்கை ஒன்று கிடைக்கும். ஆதாரில் உள்ள வயதுப் பிழைதான் சிக்கல் என்பது அந்த அறிக்கையில் இடம்பெறாமலே போகக்கூடும், ஏனெனில் அது திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். இணைந்த படிப்பின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. சமூக சேவை வேறு, சமூகப்பணி வேறு. கோயில் திருவிழாவில் நீர்மோர் கொடுப்பதும் வெள்ள காலத்தில் சோறு பொங்கிக் கொடுப்பதும் சமூக சேவை. அதற்கு நல்ல மனம் போதும். சமூகப்பணி என்பது பயிற்சி, நெறிமுறை, மேற்பார்வை ஆகியவற்றைக் கொண்ட தொழில். உதவி பெறுபவரின் இரகசியத்தைக் காப்பது, அவருடைய முடிவை அவரே எடுக்கவிடுவது போன்றவை அதன் அடிப்படை விதிகள்.

துறைகள் தோன்றிய வரலாறு

இவ்விரு துறைகளும் பிறக்கும்போது ஒரே வீட்டில்தான் பிறந்தன. இலண்டனில் ஏழைகளுக்கு உதவும் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்க 1903இல் தொடங்கப்பட்ட சமூகவியல் பள்ளி, 1912இல் இலண்டன் பொருளியல் பள்ளியுடன் இணைந்து சமூக அறிவியல் – நிர்வாகத் துறை ஆயிற்று. கிழக்கு இலண்டனின் ஏழைச் சிறுவர்களிடையே பணியாற்றிய கிளமென்ட் அட்லி அங்கு விரிவுரையாளராக இருந்தார். 1920இல் சமூகப் பணியாளரைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். அவர் பிரிட்டனின் பிரதமராக இருந்தபோதுதான் 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பட்டது. 1950இல் ரிச்சர்டு டிட்மஸ் அதே துறையின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பின், சமூகக் கொள்கை தனிப்பாடமாக வளர்ந்தது.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஹல் இல்லத்தில் தொண்டாற்றிய பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் 1933இல் தொழிலாளர் துறைச் செயலரானார். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உருவாவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் மும்பையில் தொடங்கியது. சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப் பள்ளி என்று பெயர் பெற்றிருந்த அந்நிறுவனம் 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. தமிழ்நாட்டில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. அதன்பின் திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் எனப் பல ஊர்களில் இப்படிப்பு பரவியது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்று விதித்தது. ஆலைகளில் வேலை கிடைத்ததால் தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை ஆகிய பிரிவுகளை மாணவர்கள் அதிகம் நாடினர். இன்றும் மனிதவள மேலாண்மைப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் மதிப்பு உள்ளது. கொள்கை பற்றிய பாடமோ பல கல்லூரிகளில் ஒன்றிரண்டு தாள்களாகவே நிற்கிறது.

காவிரிப் படுகை தரும் பாடம்

கொள்கையும் களப்பணியும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்பதை நம் காவிரிப் படுகையின் வரலாறே தெளிவாகக் காட்டும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பண்ணையாள் முறை வேரூன்றியிருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1952இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் கூலிச் சிக்கல் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் கணபதியா பிள்ளை தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டு, 1969இல் கிழக்குத் தஞ்சைக்கென விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதாரரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த மனைக்கட்டு சொந்தமாக அச்சட்டம் வழிசெய்தது. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்று மிரட்டும் வழக்கத்தின் வேரை அது தொட்டது.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? மனைப்பட்டாவைக் கையில் வாங்குவதற்குள் எத்தனை முறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டும் என்பது இப்பகுதியில் பலருக்குத் தெரிந்ததே. அங்கேதான் களப்பணி வருகிறது. கீழ்வெண்மணிக்குப் பின் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் இப்பகுதிக்கு வந்து தங்கினர். 1981இல் 'லாப்டி' எனப்படும் உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நில உடைமையாளர்களுடன் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் பிரித்து, பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தனர். இருவருக்கும் 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது.

1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி நிலத்தடி நீரும் வயலும் உப்பாகத் தொடங்கியபோது, ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்து, பண்ணைகளால் வரும் வருமானத்தைவிடச் சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்படும் இழப்பே அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டியது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பதிவு பெற்ற பண்ணைகள் இயங்க வழிவிட்டது.

இந்த ஒரு வழக்கில் இப்படிப்பின் பாடங்கள் அனைத்தும் அடங்கியுள்ளன. ஊர் மக்களைத் திரட்டியது சமுதாய அமைப்பாக்கம். உண்ணாவிரதமும் அறப்போராட்டமும் சமூகச் செயல்பாடு. வருமானத்தையும் இழப்பையும் ஒப்பிட்டது கொள்கைப் பகுப்பாய்வு. தீர்ப்பு வந்த பின்னும் புதிய சட்டத்தால் நிலைமை மாறியது, கொள்கை ஒருமுறை வென்றுவிட்டால் முடிந்துபோகும் செயலன்று என்பதைக் காட்டுகிறது. கிருஷ்ணம்மாள் இணையர் இதைப் பட்டம் பெற்றுச் செய்யவில்லை. ஆயுளையே கொடுத்துக் கற்றார்கள். அவ்வனுபவத்தை அடுத்த தலைமுறை ஓரளவேனும் முறையாகக் கற்றுக்கொள்ளவே இத்தகைய படிப்புகள் உள்ளன.

என்னென்ன கற்பிக்கப்படுகிறது

முதுநிலைச் சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., இந்தியாவில் 2 ஆண்டுகள், 4 பருவங்கள் கொண்டது. எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலும் விண்ணப்பிக்கலாம். தனிநபர் சமூகப்பணி, குழுச் சமூகப்பணி, சமுதாய அமைப்பாக்கம், சமூக நல நிர்வாகம், சமூகச் செயல்பாடு, சமூகப்பணி ஆராய்ச்சி ஆகிய ஆறும் இதன் அடிப்படை முறைகள். இரண்டாம் ஆண்டில் மருத்துவம் – மனநலம், சமுதாய வளர்ச்சி, குடும்பம் – குழந்தை நலம், மனிதவள மேலாண்மை போன்ற சிறப்புப் பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணி. பல கல்லூரிகளில் வாரத்தில் 2 நாள் மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், ஊராட்சி என ஓரிடத்தில் பணிபுரிந்து, அதற்கான அறிக்கையைக் கையால் எழுதி மேற்பார்வை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். கிராம முகாமும், ஒரு மாத அளவிலான தொடர் களப்பயிற்சியும் உண்டு.

சமூகக் கொள்கைப் படிப்பில் அரசின் வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது, புள்ளியியல், திட்ட மதிப்பீடு, நலன்புரி அரசின் வரலாறு, சட்டம் இயற்றப்படும் முறை, வறுமையை அளக்கும் முறைகள் ஆகியவை இடம்பெறும். கணக்கென்றால் ஒதுங்கும் கலைப்பிரிவு மாணவர்கள் இங்கே சற்றுத் திணறுவது உண்டு. ஆனால் தேவைப்படுவது பெரும்பாலும் சதவீதம், சராசரி, மாதிரி எடுத்தல் போன்றவைதாம். பத்தாம் வகுப்புக் கணக்கை மறக்காதவர் கற்றுக்கொள்ளலாம்.

கொள்கை மாணவர் ஒரு விதியை எப்படி வாசிப்பார் என்பதற்கு நமக்குத் தெரிந்த திட்டம் ஒன்றைப் பார்ப்போம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நிலம் நன்செய் எனில் 5 ஏக்கருக்குள், புன்செய் எனில் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் தகுதிகள் வகுக்கப்பட்டன. இப்போது கேள்விகளை எழுப்பலாம். ஆற்றுப் பாசனம் நேரத்துக்கு வந்து சேராத கடைமடையில் உள்ள 6 ஏக்கரும், தலைமடையில் உள்ள 6 ஏக்கரும் ஒன்றா? பட்டா அப்பா பெயரில் இருக்க, நான்கு பிள்ளைகள் பிரித்து உழும் நிலத்தை யார் கணக்கில் வைப்பது? எங்காவது ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும் எனில், எங்கே கிழித்தால் தவறாக விடுபடுவோர் குறைவாக இருப்பர்? விடுபட்டவரின் மேல்முறையீட்டை யார், எத்தனை நாளுக்குள் கேட்பார்கள்? இவற்றுக்கு விடை தேட ஊரும் தெரிய வேண்டும், விதியும் தெரிய வேண்டும்.

கொள்கை மாறும் என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. மயிலாடுதுறை அருகே உள்ள மூவலூரின் பெயரோடு அறியப்பட்ட இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் 1989இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு, இளநிலைப் பட்டம், பட்டயம் போன்ற படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதுவே புதுமைப்பெண் திட்டம். ஒரே பெயரின் கீழ், திருமணத்துக்குச் சென்ற பணம் கல்விக்குத் திரும்பியது. இம்மாற்றத்தால் யாருக்கு ஆதாயம், கல்லூரிக்குப் போகாத பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இரு பக்கமும் பார்ப்பதுதான் கொள்கைப் படிப்பு.

எங்கே படிக்கலாம்

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சமூகக் கொள்கை – நடைமுறைப் பள்ளி இவ்விரண்டையும் இரட்டைப் பட்டமாக வழங்குகிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள பிரவுன் பள்ளியிலும் இரு துறைகளிலும் முதுநிலைப் பட்டங்கள் உள்ளன. இரட்டைப் பட்டத்தின் நன்மை, சில பாடங்கள் இரு பட்டத்துக்கும் கணக்கில் சேர்வதால் மொத்தக் காலம் குறைவதாகும். அமெரிக்கச் சமூகப்பணிக் கல்விக் குழுவின் ஏற்பு பெற்ற முதுநிலைப் படிப்பில் குறைந்தது 900 மணிநேரக் களப்பயிற்சி கட்டாயம். இரட்டைப் பட்டம் எடுப்பவருக்கும் இதில் சலுகை இல்லை. நம் 3 ஆண்டு இளநிலைப் பட்டத்தைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்கா. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

பிரிட்டனில் சமூகக் கொள்கை முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. ஆனால் அங்கு 'சமூகப் பணியாளர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். பதிவு பெற்றவரே பயன்படுத்தலாம். கொள்கைப் பட்டம் மட்டும் பெற்றவர் அப்பதிவைப் பெற முடியாது. இலங்கையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணிப் பட்டங்களை வழங்குகிறது.

நன்னிலத்துக்கு மிக அருகில் உள்ள வாய்ப்பு, 2009இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். திருவாரூர் அருகே நீலக்குடியில் உள்ள அதன் வளாகத்தில் சமூகப்பணித் துறை உள்ளது. சேர்க்கை, முதுநிலைக்கான பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வழியாக நடைபெறுகிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை, பிஷப் ஹீபர் கல்லூரி ஆகியவை உள்ளன. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்குச் சென்னை சமூகப்பணிப் பள்ளி, இலயோலா கல்லூரி முதலியவை உண்டு. கொள்கைப் படிப்புக்கென பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் முதுநிலைப் பொதுக்கொள்கைப் படிப்பு அறியப்பட்டது.

இந்தியாவில் இரண்டையும் இணைக்கும் வழிகள்

முதல் வழி, ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இரண்டு மூன்று ஆண்டு களத்தில் வேலை பார்த்தபின் கொள்கைப் படிப்பில் சேர்வது. பட்டறிவோடு போவதால் பாடம் எளிதில் பிடிபடும்.

இரண்டாம் வழி, ஒரே காலத்தில் இரண்டு பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு பட்டத்தை நேரில் வகுப்புக்குச் சென்றும், மற்றொன்றைத் தொலைநிலை அல்லது இணைய வழியிலும் படிக்கலாம். தொலைநிலைப் படிப்பு மானியக் குழுவின் ஏற்பு பெற்ற நிறுவனத்தில் இருக்க வேண்டும். நேரில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாக முதுகலையைத் தொலைநிலையில் படிப்பது இவ்வகையில் நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் சேரும் முன் தம் கல்லூரி இதை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. களப்பணி அறிக்கையும் தொலைநிலைப் பாட ஒப்படைப்புகளும் ஒரே மாதத்தில் வந்து விழும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாம் வழி செலவில்லாதது. ஒரே பட்டத்துக்குள்ளேயே கொள்கையை நோக்கித் திரும்புவது. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு எடுக்க வேண்டும். அதைக் கொள்கைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். வாய்மொழிக் குத்தகைதாரருக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு சேர்கிறதா என்பது ஒரு தலைப்பு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருந்தும் பதியாமல் இருப்பது ஏன் என்பது இன்னொன்று. கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்ந்த தென்னிந்தியச் சிற்றூர்களுள் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் ஒன்று. பிற்கால ஆய்வாளர்கள் அதே ஊருக்கு மீண்டும் சென்று மாற்றங்களைப் பதிவு செய்துள்ளனர். நம் ஊர்களைப் பற்றிய ஆய்வுக்கு நூறாண்டு மரபு இருக்கிறது. அதைத் தொடர நம் மாணவர்களுக்கு மொழியும் தெரியும், வழியும் தெரியும்.

செலவும் உதவித்தொகையும்

அரசு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடப் பெரும்பாலும் குறைவு. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. களப்பணிக்குப் பேருந்துச் செலவு, முகாம் செலவு, ஆய்வேடு அச்சிடும் செலவு ஆகியவற்றைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு நடுவண் சமூக நீதித் துறையின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. பட்டியலினத்தார், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர் ஆகியோருடன் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தாரும் கைவினைஞர் குடும்பத்தாரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது காவிரிப் படுகை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. இளநிலையில் 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் என்பவை நிபந்தனைகள். ஆனால் 2022இல் வெளியான விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி இல்லை என்று சேர்க்கப்பட்டது. சமூகக் கொள்கை படிக்க எண்ணுவோர் தத்தம் ஆண்டின் விதிகளை வரிவரியாக வாசிக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது.

நிலத்தை அடமானம் வைத்து வெளிநாடு செல்ல நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். சமூகப்பணியில் தொடக்க ஊதியம் கணினித் துறைபோல் இராது. படிப்புக் கடனை அத்துறையின் ஊதியத்தை வைத்துக் கணக்கிடக்கூடாது. உதவித்தொகை கிடைத்தால் போகலாம்; கிடைக்காவிட்டால் மேலே சொன்ன மூன்று வழிகளும் உள்நாட்டிலேயே உள்ளன.

வேலைவாய்ப்பு

இந்தியாவில் வழக்கறிஞர், மருத்துவர்போல் எல்லாச் சமூகப் பணியாளருக்கும் பொதுவான பதிவு மன்றம் இல்லை. ஆயினும் பல சட்டங்கள் இப்பணிக்கு இடம் வைத்துள்ளன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கின்றனர். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளருக்கான தகுதியை வரையறுத்துள்ளது, அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதற்கு மேலும் தனிப்பயிற்சி வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் வேலைகள் உள்ளன. அரசுத் திட்டப் பணிகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில் அமைந்தவை என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

கொள்கை அறிவு சேர்ந்தால் திட்ட மதிப்பீடு, சமூகத் தணிக்கை, ஆராய்ச்சி நிறுவனங்கள், சட்டமன்ற – நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான ஆய்வுப் பணி ஆகியவை திறக்கும். குடிமைப் பணித் தேர்வுகளுக்கு ஆயத்தமாவோருக்கும் இப்பாடங்கள் பயன்படும்.

யாருக்கு ஏற்றது

ஆற்றுப்படுத்துதலிலும் மனநலப் பணியிலும் மட்டும் ஈடுபாடு உள்ளவருக்கு இரண்டு பட்டம் தேவையில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படித்து அத்துறையிலேயே மேற்பயிற்சி பெறுவது நல்லது. ஆலையிலோ நிறுவனத்திலோ மனிதவளப் பணிக்குச் செல்ல விரும்புபவருக்கும் அப்படியே. ஒரே வகைச் சிக்கல் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு 'இதன் விதியை எழுதியவர் யார்?' என்று கேட்கத் தோன்றுகிறவருக்கே இணைந்த படிப்பு பொருந்தும்.

அப்படித் தோன்றுகிறதா என்று சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். தம் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு முறை சென்று உட்காரலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுநீதி நாளன்று யார் யார், எந்த மனுவோடு வருகிறார்கள் என்று ஒரு நாள் கவனிக்கலாம். தெருவில் ஓய்வூதியம் நின்றுபோன ஒருவருக்காக ஒரு மனு எழுதி, அது எந்த மேசையில், எந்த விதியின் பெயரால் நிற்கிறது என்று கடைசிவரை பின்தொடரலாம். மனு நின்ற இடத்தில் சலிப்பு வராமல், அந்த விதியை வாங்கிப் படிக்கும் ஆவல் வந்தால், விண்ணப்பப் படிவத்தை நம்பிக்கையோடு நிரப்பலாம்.